துணை அணியோடு இணைந்து ஓடும் போட்டி ரோபோ: அகலம், வேலைப் பங்கீடு, தன்னியக்க நேரம்

பதிவு 1 | வலிகாமத்து வழிகாட்டி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வருடம் இங்குள்ள சில கழகங்கள் சேர்ந்து நடத்திய பயிற்சிப் போட்டியில் எங்கள் மாணவர்கள் பெற்ற அனுபவத்தை முன்வைத்து ஆலோசனை கேட்க விரும்புகின்றேன். விதிகளை ஃபேர்ஸ்ட் டெக் சலஞ்ச் என்ற மாணவர் ரோபோப் போட்டியைத் தழுவி அமைத்திருந்தோம். களம் 12 அடிச் சதுரம். ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கித் தொடங்க வேண்டும். ஒரு கூட்டணிக்கு இரண்டு அணிகள். முதல் 30 செக்கன், ரோபோ ஓட்டுநரின்றித் தன் நிரலின்படியே ஓடும் தன்னியக்க நேரம், அதன்பின் 2 நிமிடம் ஓட்டுநர் நேரம். விளையாட்டை மட்டும் எங்கள் வசதிக்கேற்ப எளிமையாக்கினோம்: ஒரு கூட்டணிக்கு 36 அங்குல முகப்புடைய ஒரே ஒரு கூடை, ஒரு பந்துக்கு 5 புள்ளி, களத்தின் ஓரத்தில் தாழ்வான ஒரு தொட்டி, அதில் விழும் பந்துக்கு 2 புள்ளி.

பாடசாலை மண்டபத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது எங்கள் ரோபோ 2 நிமிடத்தில் 12 பந்துகளைக் கூடைக்குள் இட்டது. அன்று வந்திருந்த ரோபோக்களில் தனித்து நின்று அவ்வளவு செய்யக்கூடியது வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐந்து தகுதிகாண் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றோம். பிற்பகலில் கூட்டணித் தலைவர்கள் தமக்கான துணை அணிகளைத் தெரிவு செய்தபோது எங்கள் பெயரை ஒருவரும் அழைக்கவில்லை. மாணவர்கள் அதை அநியாயம் என்றார்கள். நானும் இரண்டு நாட்கள் அப்படியே நினைத்திருந்தேன். பின்னர் காணொளிகளை ஆறுதலாக இருந்து பார்த்தபோதுதான், எங்கள் ரோபோ தன் பக்கத்துக்காரனை எதிரணியைக் காட்டிலும் கூடுதலாக மறித்திருப்பது விளங்கியது. (கூட்டணி என்ற சொல்லுக்கு எங்களூரில் இருக்கும் தேர்தற்காலப் பொருளை அன்று நாங்கள் செயலிலும் காட்டியிருக்கின்றோம்.)

இவ்வருடம் அடித்தளத்திலிருந்து புதிதாகச் செய்யப் போகின்றோம். அனுமதிக்கப்பட்ட 18 அங்குலத்தை முழுமையாக எடுத்துக்கொள்வதா, குறைப்பதா? ஆட்டத்தின் இறுதியில் துணை ரோபோவை ஏற்றிக்கொள்ள ஒரு சாய்தளம் வைத்தால் எம்மை விரும்பிச் சேர்ப்பார்களா? யாரென்றே தெரியாத துணை அணியோடு தன்னியக்க நேரத்தில் மோதாமல் ஓடுவதற்கு என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பதிவு 2 | கொக்குவில் பட்டறை

மாஸ்ரர், சாய்தளத்தைப் பற்றி மட்டும் சொல்கின்றேன். மற்றவற்றைப் படித்தவர்கள் சொல்லட்டும். 18 அங்குலச் சதுரத்தில் 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு ஒன்றின் நிறை ஏறத்தாழ 1.7 கிலோகிராம். அதற்குப் பிணைச்சல், விரிப்பதற்கு ஒரு மோட்டர், விரியாமல் பிடித்து வைக்க ஒரு கொளுக்கி எல்லாம் சேர்ந்தால், 2 நிமிடம் முழுவதும் நீங்கள் சும்மா சுமந்து திரியும் பாரம் எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்தது, ஏற வருபவனின் வயிறு. 18 அங்குல நீளத்தில் 3 அங்குலம் உயரும் சாய்தளத்தின் சரிவு 9 பாகைக்குச் சற்றுக் கூட. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 12 அங்குலம் இருக்கின்ற ஒரு ரோபோ, அந்தச் சரிவின் உச்சியைத் தாண்டும்போது தரையில் தட்டாமல் இருக்க வேண்டுமென்றால் நடுவில் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட இடைவெளி வேண்டும். சென்ற வருடம் என்னிடம் திருத்தத்துக்கு வந்த ரோபோக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு அவ்வளவு இடைவெளி கிடையாது. மின்கலத்தை அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வருகின்ற விருந்தாளிக்கு எங்கள் படி ஏறக் காலில்லை என்றால் திண்ணை கட்டி என்ன பயன்?

பதிவு 3 | ஒன்ராறியோவாசி

வணக்கம் ஐயா. நான் கனடாவில் ஓர் உயர்நிலைப் பாடசாலை அணிக்கு வழிகாட்டியாக இருக்கின்றேன். நாங்கள் பங்குபற்றுவது பெரிய ரோபோக்களுக்கான ஃபேர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில். 1992 இல் தொடங்கிய இப்போட்டியில் 1999 இல் இரண்டு அணிக் கூட்டணிகள் வந்தன. 2005 இலிருந்து ஒரு பக்கத்துக்கு மூன்று அணிகள். ஒவ்வொரு வருடமும் விளையாட்டு மாறுவதால், துணை அணியோடு ஒத்துழைப்பது என்ற கேள்விக்கு அங்கு பல விதமான விடைகள் கிடைத்திருக்கின்றன. பட்டறை அண்ணை சொன்ன சாய்தளத்தில் இருந்தே தொடங்குகின்றேன்.

2007 ஆம் ஆண்டு விளையாட்டில், ஆட்டம் முடியும் தறுவாயில் துணை ரோபோ ஒன்றைத் தரையிலிருந்து 12 அங்குலம் உயர்த்தி வைத்திருந்தால் 30 புள்ளி, 4 அங்குலம் என்றால் 15 புள்ளி. ஆகவே பல அணிகள் தம் ரோபோவையே சாய்தளமாக விரியும்படி அமைத்தன; அங்கு அது பொருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் விதியே அதற்குப் புள்ளி கொடுத்தது. 2018 இல் நிலைமை வேறு. 7 அடி உயரத்தில் 13 அங்குல அகலமுள்ள ஒரேயொரு கம்பி. அதில் தொங்கினால் ஓர் ரோபோவுக்கு 30 புள்ளி. 13 அங்குலத்தில் ஒருவர் கொளுவினாலே மற்றவருக்கு இடம் போதாது. இதனால், தான் ஏறியபின் பக்கவாட்டில் இன்னொரு கம்பியை நீட்டிக் கொடுப்பது, துணை ரோபோவைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு தொங்குவது என்று பல முயற்சிகள் நடந்தன. வடிவாகச் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பருவம் முழுவதும் அந்தப் பொறிமுறையைச் சுமந்து திரிந்து, அதன்மேல் ஏற வந்த ஒருவரையும் காணாதவர்களும் இருந்தார்கள்.

உங்கள் விதியில் துணை ரோபோவை உயர்த்துவதற்குப் புள்ளி இல்லை. எனவே அந்தக் கேள்வியை இப்போதே மூடிவிடலாம்.

நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது 2014 ஆம் ஆண்டின் விளையாட்டு என்பது என் எண்ணம். ஏறத்தாழ 24 அங்குல விட்டமுள்ள பந்து. ஓட்டுநர் நேரத்தில் ஒரு கூட்டணிக்கு ஒரு வேளையில் ஒரு பந்து மட்டும். அதைக் கூடையில் இடுவதற்கு முன் இரண்டு ரோபோக்கள் கைமாற்றியிருந்தால் மேலதிகமாக 10 புள்ளி. மூன்று ரோபோக்களும் தொட்டு நகர்த்தியிருந்தால் 30 புள்ளி. உயரக் கூடையில் எறிவதற்கே 10 புள்ளிதான். மிகச் சிறந்த எறிபொறி வைத்திருந்த ரோபோவும், துணை அணிகளிடமிருந்து பந்து வாங்கத் தெரியாவிட்டால் அந்த 30 ஐ இழந்தது. எறிய முடியாத, ஆனால் பந்தை உள்ளே இழுத்து மறுபக்கம் துப்பக்கூடிய ஓர் எளிய உருளைப் பொறியை வைத்திருந்த சிறிய அணிக்கு மதிப்பு உயர்ந்தது. கரப்பந்தாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறு பேரும் அடிப்பவர்களாக இருந்தால் பந்தை எழுப்பிக் கொடுப்பது யார்?

இன்னொன்று. துணை அணி என்பது ஒரு வகையல்ல, இரண்டு வகை. தகுதிகாண் ஆட்டங்களில் கணினி உங்களுக்கு யாரையோ தருகின்றது. அவர்கள் ரோபோ அசையாமற்கூட நிற்கலாம். இறுதிச் சுற்றுகளில் நீங்கள் தெரிவு செய்கின்றீர்கள், அல்லது தெரிவு செய்யப்படுகின்றீர்கள். முதல் வகைக்காக, துணை அணியிடம் எதையும் எதிர்பார்க்காத ரோபோ வேண்டும். இரண்டாம் வகைக்காக, துணை அணி நன்றாகச் செய்யும் வேலையை விட்டு விலகி வேறொரு வேலையைச் செய்யக்கூடிய ரோபோ வேண்டும். ஒரே ரோபோவில் இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் வடிவமைப்பின் கடினமான பகுதி.

பதிவு 4 | பருத்தித்துறைக் கடற்காற்று

சேர், வணக்கம். எழுதுவதா விடுவதா என்று யோசித்துத்தான் எழுதுகின்றேன். உங்கள் மூன்றாவது ஆட்டத்தின் துணை அணி நாங்கள்தான்.

அந்த ஆட்டத்துக்கு முன் உங்கள் அணித் தலைவரிடம் வந்து, கூடையின் இடது பக்கத்தை எங்களுக்கு விட முடியுமா என்று கேட்டேன். தங்கள் கை நடுவில் பொருத்தப்பட்டிருப்பதால் நடுவில் நின்றால்தான் பந்து விழும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ரோபோவைப் பார்த்தாலே தெரிந்தது. உங்கள் ரோபோ 18 அங்குலம், நடுவில் நின்றது. இரு புறமும் 9 அங்குலம் வீதம் எஞ்சியது. எங்கள் ரோபோவும் 18 அங்குலம். நீங்கள் பந்து எடுக்கப் போகும் இடைவெளியில் நாங்கள் கூடையடிக்கு வருவோம், நாங்கள் முடிப்பதற்குள் நீங்கள் திரும்பி வந்து பின்னால் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். எங்கள் கை மெதுவானது; பின்னால் முட்டும்போது குறி தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தன்னியக்க நேரத்தில் இன்னும் மோசம். இரு அணிகளின் செய்நிரலும் ஒரே மூலையிலிருந்து தொடங்குவதாக எழுதப்பட்டிருந்தது. உங்கள் நிரலை மாற்ற முடியாது என்று சொல்லப்பட்டதால், நாங்கள் எங்கள் ரோபோவைத் தன்னியக்க நேரத்தில் இயக்காமலே விட்டோம். பிற்பகலில் எமக்குத் தெரிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது உங்களை ஏன் அழைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு 5 | வலிகாமத்து வழிகாட்டி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. இடது பக்கத்தைக் கேட்டு வந்தீர்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அந்த உரையாடலை என் மாணவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் அன்று ஆட்டங்களுக்கு இடையில் மின்கலங்களை மாற்றுவதில் மூழ்கியிருந்தேன். கை நடுவில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவன் நான். சமச்சீராக இருந்தால் கணக்கு இலகு என்று மட்டுமே அப்போது நினைத்தேன்.

பதிவு 6 | அறிவியல்நகர்

சேர், நான் உங்கள் கழகத்தின் பழைய மாணவி. இப்போது கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கின்றேன். அந்த மூன்றாம் ஆட்டத்தின் காணொளியைச் செக்கன் செக்கனாக நிறுத்திக் கணக்கெடுத்தேன்.

எங்கள் ரோபோவுக்குப் பந்தை எடுத்து வந்து கூடையில் இட ஒரு சுற்றுக்கு 10 செக்கன். அதில் கூடையடியில் நிற்பது 4 செக்கன். பருத்தித்துறை அணிக்கு ஒரு சுற்று 15 செக்கன். கூடையடியில் 7 செக்கன். தனித்தனியே ஓடினால் 12, 8 என்று மொத்தம் 20 பந்துகள் விழ வேண்டும். கூடையடி இவ்வளவு நேரத்தைத் தாங்குமா என்று பார்த்தால், 12 தடவை 4 செக்கன் 48, 8 தடவை 7 செக்கன் 56, ஆக 104. இருப்பது 120 செக்கன். எனவே தாங்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரே இடத்தில் இருவர் மாறி மாறி நிற்க வேண்டியிருந்து, அந்த இடம் பத்தில் ஒன்பது பங்கு நேரம் நிரம்பியும் இருந்தால், இருவரும் முன்பின்னாக வந்து சேரும் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு வளர்ந்துகொண்டே போகும். அஞ்சலகத்தில் ஒரேயொரு யன்னல் திறந்திருக்கும் நாளில் வரிசை நீள்வதும் இதனால்தான். அன்று உண்மையில் விழுந்தவை எங்களுடைய 8, அவர்களுடைய 5. 13 பந்துகள், 65 புள்ளி.

இப்போது வேறொரு பங்கீட்டைப் பாருங்கள். அவர்கள் கூடையை விட்டுத் தொட்டிக்கு மட்டும் ஓடியிருந்தால், தொட்டிக்கு ஒரு சுற்று 12 செக்கன் என்று வைத்தாலும் 10 பந்து, 20 புள்ளி. தடையின்றி ஓடும் எங்கள் 12 பந்துக்கு 60. மொத்தம் 80. ஒருவரும் எதையும் புதிதாகக் கட்டாமலே 15 புள்ளி கூடியிருக்கும். இரண்டு ரோபோக்களும் பக்கத்தில் பக்கமாகக் கூடையடியில் நிற்க முடிந்திருந்தால் 100 வரை போயிருக்கலாம். 36 அங்குல முகப்பில் 18 உம் 18 உம் கணக்கில் நிற்கும், களத்தில் நிற்காது. ஆகவே, சேர், அகலத்தைக் குறைப்பதால் கிடைப்பது எங்கள் ரோபோவின் புள்ளியில் தெரியாது. கூட்டணியின் புள்ளியில் தெரியும்.

தன்னியக்க நேரத்துக்கு நான் சொல்வது மென்பொருளில் மட்டும் முடிகின்ற வேலை. ஃபேர்ஸ்ட் டெக் சலஞ்சின் 2023–24 பருவ விளையாட்டில் காய்களை வைத்துப் புள்ளி பெற ஒரு கூட்டணிக்கு ஒரே பலகைதான் இருந்தது. பலகைக்கு அருகில் தொடங்கும் ரோபோவும் தொலைவில் தொடங்கும் ரோபோவும் அதே பலகைக்கு வர வேண்டியிருந்ததால், தொலைவிலிருந்து வருபவர்கள் தம் நிரலில் காத்திருக்கும் நேரத்தை ஆட்டத்துக்கு முன் மாற்றிக்கொள்ளும் வசதியை வைத்துக்கொண்டார்கள். நாமும் அவ்வாறே, ரோபோவைத் தொடக்குமுன் ஓட்டுநரின் கைப்பிடியிலுள்ள பொத்தான்களால் தெரிவு செய்யக்கூடியதாக, எந்த மூலையில் தொடங்குவது, எத்தனை செக்கன் காத்திருப்பது, கூடைக்குப் போவதா தொட்டிக்குப் போவதா அல்லது கோட்டைத் தாண்டி நிற்பது மட்டுமா என்ற தெரிவுகளை வைக்க வேண்டும். சிவப்புக் கூட்டணியின் பக்கத்துக்கு எழுதியதை நீலக் கூட்டணியின் பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவதை நிரலே செய்துகொள்ளட்டும். அன்று எங்கள் தெரிவுகள் எல்லாம் நிரலுக்குள் எண்களாகப் புதைந்திருந்தன. அவற்றை மாற்ற மடிகணினியைத் திறந்து, கம்பியைச் செருகி, மீண்டும் ஏற்ற வேண்டும். வரிசையில் நிற்கும்போது அதை யார் செய்வார்கள்? மாற்ற முடியாது என்று தலைவர் சொன்னதன் பின்னணி அதுதான். அந்த நிரலை முதலில் எழுதியவள் நான் என்பதால் பழியில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

பதிவு 7 | ஒற்றைப்பனை

எல்லோரும் ஒரே பக்கமாகக் கதைப்பதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். தகுதிகாண் ஆட்டங்களில் துணை அணி சீட்டுக் குலுக்கலைப் போன்றது. கூடையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நீங்கள் தொட்டிக்கு ஓடும்போது அவர்களுடைய சங்கிலி கழன்று விழுந்தால் இருவருக்கும் தோல்வி. அகலத்தைக் குறைத்தால் உள்ளே மோட்டருக்கும் மின்கலத்துக்கும் இடம் நெருக்கும். நெருக்கடியில் பூட்டிய கம்பிகள்தான் ஆட்டத்தின் நடுவில் கழல்கின்றன. முதலில் தன் காலில் நிற்கின்ற, ஐந்து ஆட்டத்திலும் ஒரு தடவையேனும் நின்றுபோகாத ரோபோவைச் செய்யுங்கள். அசையாமல் நின்றுவிட்ட ரோபோவைவிட மோசமான துணை இல்லை.

பதிவு 8 | ஒன்ராறியோவாசி

ஒற்றைப்பனையின் கடைசி வரியை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கின்றேன். மற்ற அணிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் எங்கள் அவதானிப்புத் தாளில் முதல் கேள்வியே "எத்தனை ஆட்டத்தில் நின்றுபோனது" என்பதுதான். (வேவு என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாமென்று எங்கள் அணியின் பெற்றோர் ஒருவர் கேட்டுக்கொண்டார், ஊரிலிருந்து வந்தவர், காரணத்தை நான் கேட்கவில்லை.)

ஆனால் விட்டுக்கொடுப்பதை நிரந்தரமான முடிவாக எடுத்துக்கொண்டதால்தான் அவருக்கு அந்தப் பயம். கூடைக்கும் போடத் தெரிந்து, தொட்டிக்கும் போடத் தெரிந்தால், துணை அணி நின்றுபோன அடுத்த செக்கனே கூடைக்குத் திரும்பலாம். அதற்கு வேண்டியது ஓட்டுநரின் பக்கத்தில் நின்று களம் முழுவதையும் பார்த்துச் சொல்லும் ஒருவர். ஓட்டுபவரின் கண் தன் ரோபோவைவிட்டு விலகாது.

தெரிவு நடக்கும் முறையையும் மாணவர்களுக்கு விளக்குங்கள். எங்கள் போட்டிகளில் எட்டுக் கூட்டணித் தலைவர்கள் இருப்பார்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக அழைப்பார்கள். இரண்டாம் சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். ஆகவே முதலிடத்தில் இருக்கும் மிக வலிமையான கூட்டணி, தன் மூன்றாவது ரோபோவை எல்லோரும் எடுத்து முடிந்தபின், தலைவர்களையும் சேர்த்து எண்ணினால் இருபத்துநான்காவதாகத்தான் எடுக்கும். அந்த இடத்துக்கு அவர்கள் தேடுவது தங்கள் பாதையில் குறுக்கிடாத, சொன்ன ஒரு வேலையைப் பிழையின்றிச் செய்கின்ற ரோபோவை. தரவரிசையில் நடுவில் நின்ற அணிகள் பல அந்த ஒரு தெரிவால் இறுதி ஆட்டம் வரை போயிருக்கின்றன.

அகலம் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஆம் ஆண்டு விளையாட்டில் ஏறத்தாழ 8 அடி அகலமுள்ள, ஊஞ்சற்பலகை போல் ஆடும் மேடை ஒன்றில் ஒரு கூட்டணியின் மூன்று ரோபோக்களும் ஏறிச் சமநிலையில் நிற்க வேண்டும். ஓட்டுநர் நேரத்தின் முடிவில் ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. 30 அங்குலச் சட்டத்தைச் சுற்றி மோதல் தாங்கியும் சேர்ந்தால் ஏறத்தாழ 36 அங்குலம். அப்படி மூன்று நின்றால் 9 அடி. அந்த வருடம் ஒடுக்கமான ரோபோ செய்திருந்தவர்களைத் தெரிவின்போது தேடித் திரிந்தார்கள். அகலமாகச் செய்தவர்களும் ஏறினார்கள்தான், ஆனால் ஒருவரை ஒருவர் தள்ளி நெருக்கி, பாதிச் சில்லு விளிம்பில் தொங்கியபடி.

பதிவு 9 | கொக்குவில் பட்டறை

ஒடுக்கமாகச் செய்வது எனக்கும் சம்மதம், ஆனால் மாஸ்ரர் பௌதிகவியல் படிப்பிப்பவர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 14 அங்குல அகலம் என்றால் இரு பக்கச் சில்லுகளுக்கும் நடுவில் 12 அங்குலம்தான் தேறும். அதில் பாதி 6. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 9 அங்குலத்தில் இருந்தால், 6 ஐ 9 ஆல் வகுக்க 0.67 வரும். சில்லின் உராய்வுக் குணகம் அதைவிடக் கூடுதலாக இருக்குமென்றால், பக்கவாட்டில் யாராவது தள்ளும்போதோ ஓட்டுநர் சடுதியாக வளைக்கும்போதோ ரோபோ வழுக்குவதற்கு முன் புரண்டுவிடும். நல்ல இறப்பர்ச் சில்லு என்றால் குணகம் 1 ஐ ஒட்டியே இருக்கும். ஈர்ப்பு மையத்தை 5 அங்குலத்துக்கு இறக்கினால் விகிதம் 1.2, அப்போது பயமில்லை.

இறக்குவதற்கு வழி, மின்கலத்தை அடித்தட்டில் சில்லுகளுக்கு இடையில் படுக்க வைப்பது, கையைத் தூக்கும் மோட்டரைக் கையின் உச்சியில் பூட்டாமல் அடியில் பூட்டிக் கயிற்றால் இழுப்பது, கையின் மேற்பகுதிக்கு 3 மில்லிமீற்றர்த் தகட்டை விட்டு மெல்லிய குழாயைப் பயன்படுத்துவது. மின்கலத்தைப் படுக்க வைக்கும்போது தரையிடைவெளியை மறக்க வேண்டாம். சட்டத்துக்கான சதுரக் குழாய் என்னிடம் மிச்சம் இருக்கின்றது; வந்து எடுத்துக்கொள்ளலாம், வெட்டுக்கூலி வேண்டாம்.

பதிவு 10 | அறிவியல்நகர்

பட்டறை அண்ணா, கயிற்றால் இழுப்பதானால் கயிறு தளராமல் பிடிக்க ஒரு வில்லும் வைக்க வேண்டும். சென்ற வருடம் இரண்டு தடவை கயிறு உருளையைவிட்டு வெளியே சுற்றிக்கொண்டது.

சேர், ஃபேர்ஸ்ட் டெக் சலஞ்சின் 2025–26 பருவ விளையாட்டையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஆட்டம் முடியும்போது ஒரு கூட்டணியின் இரண்டு ரோபோக்களும் 18 அங்குலச் சதுரம் ஒன்றுக்குள் திரும்பி வந்து நிற்க வேண்டும். ஒன்று முழுமையாக வந்தால் 10 புள்ளி, இரண்டும் முழுமையாக வந்தால் அதற்கு மேலதிகமாக இன்னும் 10. 18 அங்குல ரோபோ ஒன்றே அந்தச் சதுரத்தை நிரப்பிவிடும் என்பதால், ஒன்று தன்னை மேலே தூக்கி நிறுத்த மற்றது அதன் கீழே நுழையலாம்; அல்லது இருவரும் சிறிதாக இருந்திருக்க வேண்டும். சட்டம் வெட்டும் நாளிலேயே, இன்னும் சந்திக்காத ஒருவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கின்றது.

பதிவு 11 | வலிகாமத்து வழிகாட்டி

இரண்டு கிழமையாக எழுதாமைக்கு மன்னிக்கவும். தவணைப் பரீட்சை இடையில் வந்தது. நேற்று மண்டபத்தில் காட்போட் பெட்டிகளை வெட்டி, பழைய ரோபோவின் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, சில அளவுகளைச் சோதித்தோம். கூடைக்கு முன்னால் 18 அங்குலப் பெட்டி ஒன்றைத் துணை ரோபோவாக நிறுத்தி, எங்கள் ஓட்டுநர் பக்கத்தில் வந்து நின்று பந்தை இட வேண்டும்.

எங்கள் அகலம் 14 என்றால் 14 உம் 18 உம் 32. மிச்சம் 4 அங்குலம். போதும் என்று நினைத்திருந்தோம். துணைப் பெட்டி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றபோது பத்துத் தடவையில் எட்டுத் தடவை முட்டாமல் வர முடிந்தது. ஆனால் அந்தப் பெட்டியை நடுவில் வைத்தவுடன், சென்ற வருடம் நாங்கள் பருத்தித்துறைத் தம்பியின் அணிக்குச் செய்தது எங்களுக்கே திரும்பி வந்தது: இரு புறமும் 9 அங்குலம், உள்ளே போக வழியில்லை. அகலத்தை 9 க்குக் குறைக்க முடியாது. சிறிது நேரம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் பத்தாம் தரத்து மாணவி ஒருவர், ரோபோவின் உடல் கூடைக்கு முன்னால் நிற்க வேண்டுமென்று யார் சொன்னது, கை மட்டும் வந்தால் போதாதா என்று கேட்டார்.

எனவே கையை நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு நகர்த்தி, அடிப்பாகத்தில் சுழலும் அச்சு ஒன்றின்மேல் நிறுத்தத் தீர்மானித்திருக்கின்றோம். உடல் கூடையின் முகப்புக்கு வெளியே நிற்க, கை மட்டும் உட்பக்கமாகத் திரும்பி 9 அங்குல இடைவெளிக்குள் பந்தை இடும். அதே கை மறுபக்கம் திரும்பினால் தொட்டிக்கும் எட்டும். சுழல் அச்சால் ஒரு சுற்று 10 செக்கனிலிருந்து 12 செக்கனாக நீளும் என்று மதிப்பிடுகின்றோம். 12 பந்துக்குப் பதிலாக 10. தனியாக ஓடினால் 10 புள்ளி இழப்பு. மாணவர்களிடையே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. அணித் தலைவர் இன்னமும் முழுமனதாக ஏற்கவில்லை, அவருடைய தயக்கத்தில் நியாயம் இல்லையென்றும் நான் சொல்லமாட்டேன். ஒற்றைப்பனை சொன்ன பயம் எனக்கும் இருப்பதால், சுழலும் அச்சில் கோளாறு வந்தால் நேரே பூட்டிவிட்டுப் பழைய முறையில் ஓட்டக்கூடியதாக ஒரு ஊசியும் வைக்கின்றோம். சாய்தளம் கைவிடப்பட்டது.

ஈர்ப்பு மையத்தை அளந்து பார்த்தோம்: இப்போதைய வரைபடத்தில் 6 அங்குலம், விகிதம் 1. பட்டறை அண்ணை கேட்ட அளவுக்கு இறக்க இன்னும் வேலை இருக்கின்றது. கை ஓரத்துக்குப் போனதால் நிறையும் வலப்பக்கம் சாய்கின்றது; மின்கலத்தை இடப்பக்கம் நகர்த்தி ஈடுசெய்யப் பார்க்கின்றோம்.

காட்போட் பெட்டி தானாக அசையாது என்பதால் உண்மையான சோதனை இன்னும் நடக்கவில்லை. தம்பி, அடுத்த சனிக்கிழமை உங்கள் ரோபோவோடு வர முடியுமா? மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.

பதிவு 12 | பருத்தித்துறைக் கடற்காற்று

வருகின்றோம் சேர். பேருந்தில் கொண்டுவர வேண்டியிருப்பதால் கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவருவோம்; பூட்ட அரை மணித்தியாலம் தேவைப்படும். எங்கள் மின்கலங்களில் ஒன்று வீங்கிவிட்டதால் ஒதுக்கிவிட்டோம், ஒன்றுதான் மிச்சம். உங்கள் மின்னேற்றியின் செருகி எங்களுடையதற்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியுமா? இம்முறை கூடையின் நடுவில் நாங்கள் நிற்கின்றோம், நீங்கள் ஓரத்தால் வந்து பாருங்கள்.